குதிரைச் சேணம் தேடிய வீடு

பல் டாக்டரின் வீட்டு விஷயம் வாசற்படி தாண்டியதாக அந்தத் தெருவில் யாரும் சொல்ல முடியாது. மருந்துக் கடை உறையில் இருக்கும் பெயரைக் கிழித்து ஒரு குப்பைத் தொட்டியிலும், மருந்தின் அட்டையை இன்னொரு தொட்டியிலும் போடுகிற ஆள் அவர். கூரியரில் வரும் பெட்டிகளின் முகவரிச் சீட்டைத் தண்ணீர் தொட்டுச் சுரண்டி எடுத்த பிறகுதான் பெட்டி வெளியே போகும். பக்கத்து வீட்டுக்காரர் ஒருமுறை, "உங்க மகன் குரல் நேத்து ஒசந்து கேட்டுதே, என்ன சண்டை?" என்று விசாரித்துவிட்டார். அன்றைக்கே அந்தப் பக்கத்து ஜன்னலுக்கு இரண்டாவது திரை வந்தது.

வீட்டுக்குள்ளே மட்டும் நேர் எதிரான சட்டம். யாரும் யாரிடமும் எதையும் மறைக்கக் கூடாது. ஆறு வருஷம் முன்பு எல்லோருக்கும் போன் வாங்கியபோது, ஐந்து பேருக்கும் சேர்த்து இணையத்தில் ஒரே கணக்கு போதும் என்று தீர்ப்புச் சொன்னார். மனைவி, மகன், மகள், புதிதாக வந்திருந்த மருமகள், க்ளினிக் கம்ப்யூட்டர், வரவேற்பறை டிவி எல்லாவற்றிலும் அதே கணக்கு. கடவுச்சொல்லை அவரே அழகான கையெழுத்தில் எழுதி சமையலறை அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டினார்.

"மறைக்க ஒண்ணும் இல்லாத குடும்பத்துக்கு எதுக்கு அஞ்சு பூட்டு?" என்றார்.

மருமகள் ஒரு கம்பெனியில் கம்ப்யூட்டர் வேலை பார்ப்பவள். "மாமா, இது பூட்டு மட்டும் இல்ல..." என்று ஆரம்பித்தாள். மகன் அவள் காலை மேசைக்கு அடியில் மிதித்தான். அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது.

அதை எழுதிய கைக்குத்தான் இப்போது வினை வந்திருந்தது.

செவ்வாய்க்கிழமை காலை ஒரு பள்ளிக்கூட டீச்சர் நாற்காலியில் வாயைத் திறந்து படுத்திருந்தார். டாக்டர் கூர்முனைக் கம்பியைக் கடைவாய்ப் பல்லில் வைத்தார். கம்பி அங்கே நிற்கவில்லை. டிக் டிக் என்று இரண்டு தட்டுத் தட்டியது. டீச்சர் கண்ணைத் திறந்து பார்த்தார்.

"பல்லு ஆடுதான்னு பாக்கறேன்மா" என்றார் டாக்டர்.

ஆடியது பல் இல்லை என்பது அவருக்குத் தெரியும். இரண்டு மாதமாகவே தெரியும். சட்டைப் பொத்தானில் தொடங்கி, டீ கோப்பைக்கு வந்து, இன்று ஒரு மனுஷியின் வாய்க்குள்ளேயே வந்துவிட்டது. ஞானப் பல் பிடுங்க வேண்டியவர்களையெல்லாம் அடுத்த வாரம் வரச் சொல்லி அனுப்பிவிட்டு, மதிய இடைவேளையில் அறைக் கதவைத் தாழ் போட்டார். க்ளினிக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, ஒற்றை விரலால் தட்டினார். வலது கை நடுக்கம். நடுக்கம் எதனால் வரும். நடுக்கம் பரம்பரையா.

கால் மணி நேரம் படித்தார். கடைசியில் கம்ப்யூட்டரின் பிளக்கையே சுவரிலிருந்து பிடுங்கினார். குடித்த டம்ளரைக் கழுவிக் கவிழ்த்த மாதிரி, ஆயிற்று, யாருக்கும் தெரியாது என்று நினைத்தார்.

மறைக்கக் காரணம் இருந்தது. மகளும் அவளோடு வேலை பார்க்கும் பையனும் கல்யாணம் செய்துகொள்வது என்று முடிவெடுத்திருந்தார்கள். சனிக்கிழமை மாலை நான்கு மணிக்குப் பையனுடைய பெற்றோர் வீட்டுக்கு வருகிறார்கள். பையனின் அப்பா இன்சூரன்ஸ் கம்பெனியில் முப்பது வருஷம் இருந்தவர். யார் என்ன வியாதியை மறைத்துப் பாலிசி பாரம் நிரப்புகிறார்கள் என்று மோப்பம் பிடிப்பதே அவர் வேலை. போன ஞாயிற்றுக்கிழமை போனில் பேசும்போதே, "தப்பா நினைக்காதீங்க டாக்டர், பழக்க தோஷம். குடும்பத்துல சர்க்கரை, இதயம், நரம்பு, ஏதாவது உண்டா?" என்று கேட்டிருந்தார்.

"எங்க வீட்டுல யாருக்கும் எதுவும் கிடையாது" என்று டாக்டர் ஒரே மூச்சில் சொல்லியிருந்தார். அப்போது அவருடைய வலது கை சட்டைப் பைக்குள் இருந்தது.

புதன்கிழமை காலை மேசையில் உட்கார்ந்து போனில் செய்தி படித்துக்கொண்டிருந்தார். இரண்டு செய்திக்கு நடுவில் ஒரு கிழவர் பல்லெல்லாம் தெரியச் சிரித்தார். அவர் கையில் தடித்த பிடி வைத்த ஒரு கரண்டி. 'கை நடுங்கினாலும் சிந்தாது!' என்று எழுதியிருந்தது.

டாக்டர் சுற்றும் முற்றும் பார்த்தார். போனைக் கவிழ்த்து வைத்தார். எதிரே மனைவி சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

"என்னங்க, என்ன ஆச்சு?"

"ஒண்ணும் இல்ல. விலைவாசி."

கிழவர் விடவில்லை. மத்தியானம் வானிலை பார்க்கப் போனால் அங்கே கரண்டியோடு நின்றார். சாயங்காலம் டிவியில் ஒரு பாட்டுக்கும் இன்னொரு பாட்டுக்கும் நடுவே, ஆளுயரத்துக்கு வந்து சிரித்தார். டாக்டர் பாய்ந்து ரிமோட்டை எடுத்து அணைத்தார். சோபாவில் இருந்த மகள் போனிலிருந்து தலையே தூக்கவில்லை. பார்க்கவில்லை போலிருக்கிறது, தப்பித்தோம் என்று நினைத்தார். ஆனால் சனிக்கிழமை அந்த இன்சூரன்ஸ்காரர் இதே சோபாவில் உட்காருவார். அப்போது இந்தக் கிழவர் வந்து பல்லைக் காட்டினால்? 'எதுவும் கிடையாது' என்று கொடுத்த வாக்கு சந்தி சிரித்துவிடும். மகளின் கல்யாணம் அவருடைய பொய்யில் மோதி நின்றுபோகும்.

யாரைக் கேட்பது? கேட்டால், 'நீங்க எதைத் தேடினீங்க?' என்றுதான் முதல் கேள்வி வரும்.

வியாழக்கிழமை அதைவிட விநோதம் ஒன்று நடந்தது. க்ளினிக்கில் பல் அச்சு எடுக்கும் பொடி வாங்குவதற்காகக் கம்ப்யூட்டரைத் திறந்தார். தேடும் கட்டத்தைத் தொட்டதும், ஏற்கெனவே தேடியவை வரிசையாக விழுந்தன.

குதிரைச் சேணம் விலை. ஒட்டு மீசை மொத்த விற்பனை. வாத்துக் குஞ்சு பொரிக்கும் பெட்டி. கூடாரம் பன்னிரண்டு பேருக்கு. மறுபடியும் குதிரைச் சேணம், தோல், நல்ல தரம்.

டாக்டர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டினார். அவருடைய வம்சத்தில் குதிரை ஏறியவர்கள் யாரும் இல்லை. யாரோ வெளியாள் கணக்குக்குள் புகுந்திருக்கிறான் என்றுதான் முதலில் தோன்றியது. புகுந்தவன் கை நடுக்கத்தையும் பார்த்திருப்பானே என்பது அடுத்த நொடியில் உறைத்தது.

வீட்டுக்கு வந்ததும் மகனைத் தனியாகக் கூப்பிட்டார்.

"நம்ம கணக்குல வேத்து ஆள் யாராவது நுழைஞ்சிருக்கானா?"

"ஏம்பா?"

"கேட்டதுக்குப் பதில் சொல்லு."

"அப்படி எதுவும் இல்லப்பா."

"அப்ப குதிரைச் சேணம் யாருக்கு?"

 மகன் இருமினான். "ஆபீஸ்ல ஒரு... நாடகம் போடறாங்க."

"மீசையும் அதுக்கா?"

"மீசையும் அதுக்குத்தான்."

"வாத்துக் குஞ்சு?"

"அது ரெண்டாவது அங்கம்" என்று சொல்லிவிட்டு மகன் மாடிக்கு ஓடிவிட்டான். முப்பத்து நாலு வயதுப் பிள்ளை, பத்து வயதில் கண்ணாடியை உடைத்துவிட்டு ஓடிய அதே ஓட்டம்.

என்னவோ நடக்கிறது, என் வீட்டில், எனக்குத் தெரியாமல் என்று டாக்டர் பல்லைக் கடித்தார். அதைக் கிளறினால் தன் குட்டு வெளிப்படும். வாயைத் திறக்க முடியாமல் இரண்டு நாள் வீட்டைச் சுற்றி வந்தார்.

சனிக்கிழமை மத்தியானம் டிவி வேலை செய்யவில்லை. பின்னால் எட்டிப் பார்த்தால் ஒயர் கழற்றிக் கிடந்தது.

"ரிப்பேர் மாமா, தொடாதீங்க" என்றாள் மருமகள்.

அவருக்கு அது நல்லதாகப் போயிற்று. ஏன், எப்படி என்று கேட்கவில்லை. கடிகாரம் மூன்றே முக்கால் காட்டியது.

சரியாக நான்கு மணிக்கு வந்தார்கள். இன்சூரன்ஸ்காரர் ஒல்லியாக, உயரமாக, எதைப் பார்த்தாலும் அளவெடுக்கிற கண்களோடு இருந்தார். அவர் மனைவி எதற்கெடுத்தாலும் சிரிக்கத் தயாராக வந்தவர் போல் இருந்தார். டாக்டர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து வலது கையைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டார். டீயை இடது கையால் வாங்கினார். பேச்சு நன்றாகவே போனது. பையனுக்கு எப்போது மாற்றல் வரும், இவர்கள் எங்கே குடியிருப்பார்கள் என்று பொதுவான பேச்சு.

"எங்க வீட்டுப் பழைய போட்டோ எல்லாம் நெட்ல ஏத்தி வெச்சிருக்கேன், காட்டறேன்" என்று இன்சூரன்ஸ்காரர் போனை எடுத்தார். "அடடா, சிக்னலே இல்லையே. உங்க வீட்டுல வைஃபை இருக்கா?"

"இல்ல... வேலை செய்யல அங்கிள்" என்றாள் மருமகள். சொன்ன வேகமே அதிகம்.

டாக்டருக்குச் சுருக்கென்றது. வீட்டுக்கு வந்த மனுஷனிடம், அதுவும் சம்பந்தி ஆகப்போகிறவரிடம், இல்லை என்பதா? என்ன மரியாதை இது?

"நல்லா வேலை செய்யுதே! அரை மணி முன்னாடி நான் பாத்தேன்" என்றார். எழுந்து போய் பாஸ்வேர்டைத் தானே ஒவ்வொரு எழுத்தாக, கம்பீரமாகச் சொன்னார். மகள் தரையைப் பார்த்தாள். மனைவி டீத் தட்டை எடுத்த இடத்திலேயே திரும்ப வைத்தாள்.

போட்டோக்கள் வந்தன. பையன் தவழ்ந்தது, பையன் விழுந்தது, பையனுக்கு முதல் பல் முளைத்தது. எல்லோரும் சிரித்தார்கள். பிறகு தன் ஊர்ப் பக்கத்துச் செய்தி ஒன்றைக் காட்டப்போய், இன்சூரன்ஸ்காரர் புருவத்தைச் சுருக்கினார்.

"இது என்ன கூத்து? ஒரு கிழவர் கரண்டியைப் பிடிச்சிட்டு இளிக்கிறார்." திரையைத் தூரத்தில் பிடித்துப் படித்தார். "கை நடுங்கினாலும் சிந்தாதாம்! எனக்கு எதுக்குடா இது?"



டாக்டர் நிமிர்ந்து பார்த்தார். மருமகளின் முகம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது. மகன் கண்ணை இறுக மூடியிருந்தான். மகள் உதட்டைக் கடித்தாள். மனைவி யாரையும் பார்க்காமல் அவருடைய வலது கை இருந்த இடத்தையே பார்த்தாள். வெறும் விளம்பரத்துக்கு யாரும் இப்படி உறைந்துபோக மாட்டார்கள்.

அப்போதுதான் அவருக்கு எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக விளங்கியது. ஒரே கணக்கு. அவர் தாழ் போட்ட அறையில் தட்டியது அன்றைக்கே ஐந்து போனிலும் விழுந்திருக்கிறது. கிழவர் எல்லோரையும் பார்த்துச் சிரித்திருக்கிறார். நால்வருக்கும் தெரியும். தெரிந்ததை அவரிடம் காட்டிக்கொள்ளாமல், அந்தக் கரண்டி விளம்பரத்தை ஓரம் தள்ளுவதற்காக நாலு பேரும் உட்கார்ந்து குதிரைச் சேணத்தையும் ஒட்டு மீசையையும் தேடியிருக்கிறார்கள். டிவி ஒயரைக் கழற்றியிருக்கிறார்கள். எல்லா ஓட்டையையும் அடைத்தார்கள். கடைசி ஓட்டையை அவரே எழுந்து போய் எழுத்தெழுத்தாகத் திறந்துவிட்டார்.

இன்சூரன்ஸ்காரர் வாய்விட்டுச் சிரித்தார். "பாருங்க டாக்டர், இந்தப் போனுக்கு அறிவே கிடையாது. என் கை கல்லு மாதிரி இருக்கு." கையை நீட்டிக் காட்டினார். நிஜமாகவே கல் மாதிரிதான் இருந்தது. "வயசானவன்னு தெரிஞ்சா போதும், கண்டதையும் காட்டுது."

"ஆமாமா, எங்களுக்குக்கூட இப்படித்தான்" என்று மகன் அவசரமாகச் சேர்ந்துகொண்டான். "எனக்கு நேத்து குதிரைச் சேணம் வந்துது அங்கிள்!"

எல்லோரும் சிரித்தார்கள். சிரிப்பு கொஞ்சம் பெரிதாகவே இருந்தது. முடிந்தது, கண்டம் தாண்டியது, இனி வாயை மூடிக்கொண்டு இருந்தால் போதும் என்று டாக்டர் மூச்சை விட்டார்.

"பேச்சோட பேச்சா ஒண்ணு" என்றார் இன்சூரன்ஸ்காரர். கன்னத்தைத் தொட்டுக் காட்டினார். "இங்க ஒரு கடைவாய்ப் பல்லு ரெண்டு மாசமா உயிரை எடுக்குது. வேற யார்கிட்டயும் வாயைத் திறக்கப் பிடிக்கல. சம்பந்தியே டாக்டரா இருக்கறப்ப நான் எதுக்கு வெளியில போகணும்? வர்ற புதன்கிழமை நீங்கதான் பிடுங்கி விடணும்."

"அதுக்கென்ன, செஞ்சிடலாம்" என்று சொல்லத்தான் டாக்டர் வாயைத் திறந்தார். டிக் டிக் என்று கம்பி தட்டியது காதில் கேட்டது. டீச்சர் கண்ணைத் திறந்து பார்த்தது தெரிந்தது.

நாற்பது வருஷத்தில் ஒரு வாயிலும் அவர் பொய்யோடு கை வைத்ததில்லை. தொடைக்கு அடியிலிருந்து வலது கையை எடுத்து எல்லோரும் பார்க்க முழங்கால் மேல் வைத்தார். அது நடுங்கியது.

"நான் பிடுங்க மாட்டேன்" என்றார். "அந்த விளம்பரம் உங்களுக்கு வந்தது இல்ல. என்னைத் தேடிட்டு வந்தது. நீங்க என் வீட்டு வைஃபைக்குள்ள வந்ததால உங்களுக்கும் காட்டிட்டுது. போன வாரம் நீங்க கேட்டப்ப எதுவும் கிடையாதுன்னேன். அது பொய். இதை யாரோ ஒரு கரண்டி விக்கிறவன் உங்ககிட்ட சொல்லக் கூடாது. என் வீட்டு விஷயம், நான்தான் சொல்லணும்."

"அப்பா..." என்றாள் மகள்.

"இரும்மா."

இன்சூரன்ஸ்காரர் போனை மெதுவாக மேசையில் வைத்தார். முகத்தில் சிரிப்பு போய், பழைய இன்சூரன்ஸ் அதிகாரி வந்து உட்கார்ந்தார்.

"எத்தனை நாளா?"

"ரெண்டு மாசம்."

"யார்கிட்ட காட்டினீங்க?"

"யார்கிட்டயும் இல்ல. கம்ப்யூட்டரைக் கேட்டேன்."

"நாப்பது வருஷமா பக்கத்துல படுத்திருக்கேன்" என்றாள் டாக்டரின் மனைவி. குரல் உடைந்துதான் வந்தது, ஆனால் வந்துவிட்டது. "பட்டன் போட முடியலன்னு என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல. ஊரு உலகத்துக்கே தண்டோரா போடற பெட்டிகிட்ட போய்ச் சொல்லியிருக்கீங்க."

இன்சூரன்ஸ்காரரின் மனைவிக்குச் சிரிப்பு வந்து, டீயில் புரையேறியது. கணவர் திரும்பிப் பார்த்ததும் கோப்பையைக் கீழே வைத்தார்.

 இன்சூரன்ஸ்காரர் எழுந்தார். "கிளம்பறோம் டாக்டர். வீட்டுல பேசணும்."

டாக்டரும் எழுந்தார். முதுகு வளையவில்லை. வாசல் வரை கூடவே போனார். மகள் சுவரோரமாக நின்றாள். தன் மானத்துக்கு அவள் வாழ்க்கையைக் கொடுத்துவிட்டோமோ என்று ஒரு நொடி அவர் மனம் ஆடியது. 

செருப்பை மாட்டிக்கொண்ட இன்சூரன்ஸ்காரர் நிமிர்ந்தார்.

"எத்தனை ஆயிரம் பாரம் பாத்திருப்பேன் டாக்டர். வியாதி இருக்கான்னு கேட்ட எடத்துல இல்லைன்னு எழுதினவங்கதான் எல்லாரும். எழுதினதை வந்து அடிச்சுத் திருத்தின ஆளை இன்னிக்குத்தான் பாக்கறேன்." பிறகு மருமகள் பக்கம் போனை நீட்டினார். "அம்மா, உங்க வைஃபையை இதுலேர்ந்து எடுத்துடு. வீடு வரைக்கும் அந்தக் கிழவர் கூட வரப்போறார். அடுத்த தடவை நாங்க வரதுக்குள்ள விருந்தாளிங்களுக்குன்னு தனியா ஒண்ணு வெச்சிரு."

அடுத்த தடவை என்றார். மகள் சுவரிலிருந்து முதுகை எடுத்தாள்.

அவர்கள் தெருமுனை திரும்பியதும் டாக்டர் நேராகச் சமையலறைக்குப் போனார். அலமாரிக் கதவில் இருந்த காகிதத்தைக் கிழித்தார். ஆறு வருஷப் பசை, பாதிதான் வந்தது. மீதியைத் தண்ணீர் தொட்டுச் சுரண்டினார்.

"என்ன செய்யணுமோ செய்" என்று மருமகளிடம் சொன்னார். "முதல்லயே சொல்லியிருக்கலாம் நீ."

"சொல்ல வந்தேன் மாமா. காலை மிதிச்சிட்டாங்க."

ஐந்து போனையும் மேசையில் வரிசையாக அடுக்கி அவள் வேலையை ஆரம்பித்தாள். யார் எங்கே போகிறார்கள் என்று பின்தொடரும் அனுமதிகளை ஒவ்வொன்றாக நிறுத்தினாள். விளம்பரத்துக்காக ஆளைக் கணிப்பதை அணைத்தாள். ஐந்து பேருக்கும் ஐந்து கணக்கு.

"பழசை அப்பவே அழிச்சிருக்கலாமே, எதுக்குக் குதிரையும் மீசையும்?" என்றார் டாக்டர்.

"அழிச்சா எங்களுக்குத் தெரியும்னு உங்களுக்குத் தெரிஞ்சிடும். நீங்களா சொல்ற வரைக்கும் காத்திருக்கலாம்னு அத்தை சொன்னாங்க. குதிரைச் சேணம்கூட அத்தை யோசனைதான்."

மனைவி வேறு பக்கம் பார்த்தாள்.

"இப்ப இதுல ஆறு வருஷத்துது இருக்கு மாமா. எல்லாரும் தேடினது எல்லாம். அழிக்கறதுக்கு முன்னாடி நீங்க பாக்கணுமா?"

விரல் வைத்தால் திறந்துவிடும். இந்த வீட்டில் ஆறு வருஷமாக யார் எதற்குப் பயந்தார்கள், யார் எதை ஆசைப்பட்டார்கள், எல்லாம். மகன் தலை குனிந்திருந்தான். மகள் நகத்தைப் பார்த்தாள். எல்லோருக்கும் ஏதோ ஒன்று அதில் இருந்தது என்பது பார்த்தாலே தெரிந்தது.

"பாக்காம அழி" என்றார்.

அப்போதே, திங்கட்கிழமைக்கு நரம்பு டாக்டரிடம் நேரம் கேட்டு, போனில் வாயாலேயே பேசி முடித்தார். பிறகு தன் பாஸ்வேர்டை இடது கையால் தட்டினார். அடுத்து மனைவியின் முறை. அவள் போனை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள்.

"அந்தப் பக்கம் பாருங்க."

என்னிடம் மறைக்க உனக்கு என்ன இருக்கிறது என்ற கேள்வி தொண்டை வரை வந்தது. அதை விழுங்கிவிட்டு, டாக்டர் இரட்டைத் திரை போட்ட ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். வலது கை முழங்கால் மேல் தன் பாட்டுக்கு நடுங்கிக்கொண்டிருந்தது. அதை அவர் மறைக்கவில்லை.

"இன்னும் முடியலையா?"

"பெருசா வெச்சிருக்கேன். திரும்பாதீங்க."

அவர் திரும்பவில்லை.